உருவான பிள்ளை

அலெக்சாந்திரியா
தம்மூஸ் மாதம், 12

தம்பி எலியாசிப்புக்கு, அக்கா செலோமித் எழுதுவது.

உனக்கும் உன் மனைவி நோவதியாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். உன் கண் எரிச்சல் தணிந்ததா? அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றில் இன்னும் புது வெள்ளம் வரவில்லை. தொட்டிகளில் கிடப்பது அடித்தண்ணீர்தான், சேற்று வாடையோடு.

ஒரு காரியமாக எழுதுகிறேன். பதறாமல் படி.

எங்கள் முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். மூன்றுக்கும் நடுவில் ஒரே நிலத்தடித் தொட்டி. நீ பார்த்திருக்கிறாய். போன வாரம் என் பிள்ளை சப்பத்தாய்க்கும் எதிர்வீட்டுத் திரிபோனுக்கும் அந்தத் தண்ணீரை வைத்து வாய்த்தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. திரிபோனின் மனைவி ஹெராயிஸ் விலக்கிவிட ஓடிவந்தாள். நீர் இறைக்கும் கழி அவள் வயிற்றில் பட்டது. அவள் பிள்ளைத்தாய்ச்சி. அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தை வெளியே வந்துவிட்டது. உயிர் இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

சப்பத்தாய் வேண்டுமென்று செய்யவில்லை. படகுகளுக்குக் கீல் பூசுகிறான், வீட்டுக்கு வருகிறான், தூங்குகிறான். அவன் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

திரிபோன் நம் மூப்பர்களிடம் போயிருக்கிறான். மோசேயின் சட்டப்படி இதற்கு உயிருக்கு உயிர் என்கிறான். அப்பா இந்த இடத்தைச் சொல்லும்போது அபராதம் என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். எனக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியாது. ஜெபவீட்டில் இருப்பதும் கிரேக்கச் சுருள்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் அதைக் கிரேக்கத்தில் எழுத எருசலேமிலிருந்து வந்தவர்களில் நீயும் ஒருவன். உன் சொல்லுக்கு இங்கே இன்றும் மதிப்பு உண்டு. நம் மொழியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை ஓர் ஏட்டில் எழுதி, உன் முத்திரை வைத்து அனுப்பு. வரும் ஆப் மாத உபவாசம் முடிந்ததும் மூப்பர்கள் உட்காருகிறார்கள்.

இது உன் கையில் சேரும் நாளில் நீ நன்றாகத் தூங்கி எழுந்தவனாக இருக்க வேண்டும்.

செலோமித்


எருசலேம்
ஆப் மாதம், 13

அன்புள்ள அக்காவுக்கு, எலியாசிப்.

உன் வீட்டில் சமாதானம் உண்டாகட்டும். என் கண் பரவாயில்லை. காலை வெளிச்சத்தில் மட்டும் எழுதுகிறேன். நோவதியா படி ஏறுவதில்லை, மற்றபடி நடமாடுகிறாள். இந்த வருஷம் திராட்சை முன்னதாகவே பழுத்துவிட்டது. வடக்குச் சுவரில் காரை பெயர்ந்ததைப் பூசினோம்.

நீ எழுதிய காரியம் மனத்தை வருத்தியது. உங்கள் மூப்பர்கள் நிதானமானவர்கள். அவசரப்பட்டு ஒன்றும் செய்ய மாட்டார்கள். நீ போய் ஹெராயிஸைப் பார்த்தாயா? பக்கத்தில் உட்கார்ந்தாயா?

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவளுக்கு எத்தனையாவது மாதம்? குழந்தையைக் கண்ணால் பார்த்தவர்கள் யார்? கை கால் பிரிந்திருந்ததா? விரல்களில் நகம் இருந்ததா?

சுருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய பிரதிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். பண்டிகைக்கு முன் இங்கே வேலை நெருக்குகிறது. பார்த்து எழுதுகிறேன்.

சப்பத்தாயைத் தைரியமாக இருக்கச் சொல். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி


அலெக்சாந்திரியா
எலூல் மாதம், 9

தம்பிக்கு.

நீங்கள் இருவரும் நலமாக இருப்பது தெரிந்தது. நான் இருக்கிறேன்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. திராட்சை பழுத்ததையா கேட்டேன்? பழைய பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்! ஏழு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து முழுச் சட்டத்தையும் ஒப்பித்தவன் நீ. என்னிடமா இந்தக் கதை?

மூப்பர்கள் உட்கார்ந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூப்பர் அனானேல்தான் முதலில் பேசினார். "திரிபோன், கோபத்த ஓரமா வச்சிட்டுச் சொல்லு. உனக்கு என்னப்பா வேணும்?"

"எனக்கு என்ன வேணும்னு ஏன் கேக்குறீங்க? புஸ்தகத்துல இருக்கு. வாசிங்க."

வாசித்தார்கள். கர்ப்பிணிக்கு அடிபட்டு, வெளியே வந்த பிள்ளை இன்னும் உருவாகாததாக இருந்தால் அபராதம். உருவான பிள்ளையாக இருந்தால் உயிருக்கு உயிர். நல்ல தெளிவான கிரேக்கம். எனக்கே புரிந்தது.

மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். "ஏழு மாசம் முடிஞ்சுபோச்சு ஐயா. முடி, இமை, நகம் எல்லாம் இருந்துச்சு. ஆம்பளப் புள்ள. தூங்குற மாதிரிதான் இருந்தான்" என்றாள். உன் கேள்விக்கும் இதுதான் பதில். அதை ஏன் கேட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை.

"நீ என்ன சொல்றே?" என்று சப்பத்தாயைக் கேட்டார்.

"சொல்ல ஒண்ணுமில்ல ஐயா. என்னாலதான்."

நான் பெண்கள் பக்கத்திலிருந்து கத்திவிட்டேன். "வாயத் தொறந்து சொல்லுடா! வேணும்னா செஞ்சே?"

"வேணும்னு செஞ்சானா, வேணாம்னு செஞ்சானான்னு புஸ்தகம் கேக்கல" என்றான் திரிபோன்.

"எபிரேயத்துல அப்படி இல்ல! எங்கப்பா அபராதம்னுதான் சொல்வாரு!"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அம்மா, எபிரேயத்துல ஒரு எழுத்து தெரியாம, எபிரேயத்துல என்ன இருக்குன்னு சொல்றீங்களே!" என்றான். சிரித்தார்கள், எலியாசிப். என் மகன் உயிரைப் பேசிக்கொண்டிருக்கும்போது சிரித்தார்கள்.

அனானேல் கையை உயர்த்தி அடக்கினார். "சுருள வாசிச்சு முடிச்ச அன்னைக்கு, இதுல ஒரு எழுத்த மாத்துறவனுக்கும் சாபம்னு சொன்னாங்க. நாம எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன். இப்ப ஒரு வார்த்த தப்புன்னா, அத எழுதினவங்கள்ல ஒருத்தர் எழுத்துமூலமாச் சொல்லணும். உங்க தம்பி இருக்காரில்ல? கிஸ்லேவ் மாசப் பிறப்பு வரைக்கும், இன்னும் மூணரை மாசம், காத்திருப்போம். அதுக்கு மேல முடியாது."

மாசப் பிறப்பன்று நம் தீர்ப்பை எழுதி, சப்பத்தாயை அரசனின் அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். அங்கே போனவன் திரும்ப மாட்டான். இப்போது ஜெபவீட்டுக்குப் பின்னால் விளக்கு எண்ணெய் வைக்கும் அறையில் அவனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோகிறேன். பாதி அப்படியே திரும்பி வருகிறது.

ஹெராயிஸுக்குக் கோழிச் சாறு வைத்து அனுப்பினேன்.

ஒரே ஓர் ஏடு. அனுப்பு. குளிர்காலத்துக்குக் கடல்வழி மூடுவதற்குள் அனுப்பு.

செலோமித்


அலெக்சாந்திரியா
திஷ்ரி மாதம், 3

எலியாசிப்,

நீயும் உன் வீட்டாரும் நலந்தானா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டேன்.

உங்கள் யோப்பாத் துறையிலிருந்து மூன்று கப்பல்கள் வந்துவிட்டன. மூன்று முறையும் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். மூன்றாவது கப்பல்காரன் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டான்.

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லை, சாபத்துக்குப் பயமா? உன்னை எதையும் மாற்றச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல் என்கிறேன். இங்கே துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவில் நீ சுருள் எழுதிய நாட்களில் சப்பத்தாய்க்கு இரண்டு வயது. உன் தோளில் ஏறி உட்கார்ந்து உன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்பான். ஞாபகம் இருக்கிறதா?

நேற்று அவன் என்னிடம், "மாமாவத் தொந்தரவு பண்ணாதம்மா" என்றான். நான் அவனை அறைந்துவிட்டேன். வளர்ந்த பிள்ளையை. காவலுக்கு நின்றவன் முன்னால்.

எழுது. கெட்ட வார்த்தையானாலும் எழுது.

உன் அக்கா


எருசலேம்
திஷ்ரி மாதம், 24

மதினிக்கு, நோவதியா எழுதுவது.

உங்கள் உடம்பும் மனமும் தாங்கட்டும். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. என் கிரேக்கம் மீனவன் மனைவியிடம் படித்த சந்தைக் கிரேக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. அவர் மூன்றையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். தினமும் காலையில் ஏட்டை விரிக்கிறார், மையைக் குழைக்கிறார், உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஏட்டைச் சுருட்டிவிடுகிறார். கூடாரப் பண்டிகைக்குப் போட்ட பந்தலில் ஏழு நாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. அதனால் சொல்கிறேன்.

அந்த வருஷம் மற்றவர்கள் மனைவிகளை ஊரில் விட்டு வந்தார்கள். நான் மட்டும் அவரோடு வந்தேன். தீவில் ஒரு மீனவன் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நான் அப்போது மாசமாக இருந்தேன். கண்ணூறு படும் என்று யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும்தான். பிறகு சப்பத்தாய்க்குக் காய்ச்சல் என்று ஒரு மாதம் நீங்கள் தீவுக்கு வரவில்லை. நீங்கள் வந்தபோது நான் படுத்திருந்தேன். எனக்கும் காய்ச்சல் என்று சொன்னார். நீங்கள் ஒன்றும் கேட்காமல் என் தலையைக் கோதிவிட்டுப் போனீர்கள்.

காய்ச்சல் இல்லை மதினி. ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. படியில் வழுக்கி விழுந்தேன். பெண் குழந்தை. எனக்குக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். நகம்கூட இருந்தது என்று மீனவன் மனைவி சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தங்கவில்லை.

அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனார். எந்த இடத்தை அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்து, ஜனங்கள் எல்லாரையும் கடற்கரையில் கூட்டி வைத்து முழுவதும் வாசித்தார்களே, அன்று தெரிந்தது. நான் பெண்களோடு நின்றிருந்தேன். உருவான பிள்ளை என்று ஒரு சொல் வந்தது. எபிரேயத்தில் அந்தச் சொல் இல்லை. என் அப்பாவும் சட்டம் படித்தவர். எனக்குத் தெரியும்.

இருபது வருஷமாக நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எங்கள் மகளுக்கு ஒரு பெயர் இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதை அவரே தன் கையால் அடிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம். உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறான். நான் அவரை எழுத வைக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை. ஆனாலும் எழுத வைக்கிறேன்.

உங்கள் பாதத்தைத் தொட்டு,
நோவதியா


எருசலேம்
மார்கெஷ்வான் மாதம், 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உயிரோடும் திடத்தோடும் இதை வாங்க வேண்டும். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. கடல் கெட்டுவிட்டதால் காசா வழியாகப் போகும் ஒட்டகக்காரர்களிடம் கொடுக்கிறேன். மாதப் பிறப்புக்குள் சேர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

இதனுடன் முத்திரை வைத்த ஏடு இருக்கிறது. மூப்பர்களுக்கு. அதில் எழுதியிருப்பது இது: அந்த இடத்தில் எபிரேயத்தில் உருவான, உருவாகாத என்ற சொற்கள் இல்லை. கேடு என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்து, கேடு நேராவிட்டால் அபராதம். கேடு நேர்ந்தால் உயிருக்கு உயிர். யாருக்குக் கேடு என்று அங்கே இல்லை. எருசலேமில் பெரியவர்கள் அதைத் தாய்க்கு என்றே வாசிக்கிறார்கள். ஹெராயிஸ் பிழைத்திருக்கிறாள். ஆகவே அபராதம்தான். கிரேக்கச் சொல்லைப் போட்டது நான், மற்றவர்கள் அல்ல. சாபம் இருந்தால் அது என் தலைமேல் மட்டும். இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

இனி உனக்கு மட்டும்.

அந்தச் சொல்லைப் போட்ட அன்று எங்கள் எழுத்துப் பலகையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் கேடு என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்றார்கள். நான் எழுந்து நின்றேன். அதே சொல் இன்னோர் இடத்திலும் வருகிறது, அக்கா. யாக்கோபு கடைசி மகனை எகிப்துக்கு அனுப்ப மறுக்கிறாரே, வழியில் இவனுக்கு ஏதாவது கேடு வந்துவிட்டால் என்று, அங்கே. அங்கே அது ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகப் பயந்து சொல்வது. இங்கே மட்டும் ஏன் பிள்ளையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். பொழுது போகும் வரை வாதாடினேன். களைத்துப்போய் ஒப்புக்கொண்டார்கள். நான் ஏன் அப்படி நின்றேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போது சொல்லப்போவதில்லை. ஒரு காரணம் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்.

என் சொல் ஒருநாள் ஒருவன் கழுத்தில் போய் விழும் என்று அன்று நினைக்கவில்லை. விழுந்தாலும் அவன் யாரோ ஒரு கொடியவனாக இருப்பான் என்று நினைத்திருப்பேன்.

ஏட்டில் எழுதியது பொய்யல்ல. ஆனால் நான் அதை நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

ஒன்று கேட்கிறேன். மூப்பர்களிடம் கொடுப்பதற்கு முன் இதை ஹெராயிஸுக்கு வாசித்துக் காட்டு. தன் பிள்ளை சட்டத்தின் முன் ஒன்றுமில்லை என்பதை அவள் சபையில் நின்று முதல்முறை கேட்கக் கூடாது.

ஆண்டவர் உன் மகனை உனக்கு விட்டுவைக்கட்டும்.

எலியாசிப்


அலெக்சாந்திரியா
மார்கெஷ்வான் மாதம், 28

தம்பிக்கும் நோவதியாவுக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இருவர் கடிதமும் வந்தன. நோவதியா எழுதியது முன்னால் வந்தது. எலியாசிப், அவள் எனக்கு எழுதினாள் என்று நீ கோபப்படாதே. நீ சொல்லப்போவதில்லை என்ற காரணம் எனக்குத் தெரியும்.

ஒன்றை மறைத்து வந்தேன். கோழிச் சாறு அனுப்பினேன் என்று எழுதினேன் அல்லவா? அனுப்பியது உண்மை. நான் போகவில்லை. என் வாசலிலிருந்து அவள் வாசலுக்குப் பதினான்கு அடி. இத்தனை மாதமாக அந்தப் பதினான்கு அடியை நான் நடக்கவில்லை. தொட்டிக்கு அவள் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நேற்றுப் போனேன். திரிபோன் வேலைக்குப் போயிருந்தான். ஹெராயிஸ் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க அத்தை. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"வரணும்னு..."

"சாறு அனுப்புனீங்க. நாய்க்கு ஊத்திட்டேன்."

உட்கார்ந்தேன். முத்திரையை அவள் கண்முன் உடைத்து, முழுவதையும் வாசித்தேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டாள்:

"அப்ப நான் செத்திருந்தாத்தான் கேடு. அவன் செத்தது கேடு இல்ல. அப்படித்தானே அத்தை?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. என் மகன் உயிர் அந்த ஆமாமில்தான் இருக்கிறது.

"உங்க தம்பிக்குப் புள்ளைங்க உண்டா?"

"ஒண்ணு இருந்துச்சு" என்றேன். நோவதியா, மன்னித்துக்கொள். சொல்லிவிட்டேன். படி, துணி, நகம், எல்லாவற்றையும். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வார்த்த அப்படித்தான் வந்துச்சா?"

"அப்படித்தான்."

மடியில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டிவிட்டாள். பிறகு, "அந்தச் சீட்டக் குடுக்காதீங்க" என்றாள்.

"என்னடி சொல்றே? குடுக்கலேன்னா என் மகன் செத்துருவான்."

"நான் சபைக்கு வர்றேன். நான் பேசினதுக்கப்புறம் குடுக்குறதுன்னா குடுங்க."

"என்ன பேசப்போறே?"

"வந்து கேளுங்க."

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவளை நம்பலாமா? நான் அவள் இடத்தில் இருந்தால் எதிர்வீட்டுக்காரி மகனுக்கு இரக்கம் காட்டுவேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

நாளை மறுநாள் மாதப் பிறப்பு. ஒட்டகக்காரன் இன்றே கிளம்புகிறான். என்ன ஆகும் என்று தெரியாமலே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செலோமித்


எருசலேம்
தெபேத் மாதம், 20

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? சப்பத்தாய் எப்படி இருக்கிறான்?

உன் கடிதம் கிஸ்லேவ் முடிவில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மழையில் காசா சாலை இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது என்கிறார்கள். தினமும் வாசலுக்குப் போகிறேன். ஒட்டக மணி கேட்டால் நோவதியா எனக்கு முன்னால் போய் நிற்கிறாள், முழங்காலை மறந்து. உன் கடிதத்தை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டவில்லை. பாதியில் சுருட்டி வைத்துவிட்டேன். அவளும் மீதியைக் கேட்கவில்லை.

ஏட்டைக் கொடுத்தாயா? ஒரு வரி போதும். அவன் இருக்கிறானா?

எலியாசிப்


அலெக்சாந்திரியா
ஷெபாத் மாதம், 16

தம்பிக்கு,

நீயும் நோவதியாவும் நிம்மதியாக மூச்சு விடுங்கள். சப்பத்தாய் இருக்கிறான்.

உடனே எழுதாதது என் குற்றம். தீர்ப்பு ஆனதும் அவனோடு படகேறி ஆற்றில் மேலே போய், அவனுக்கு வேலையும் இடமும் அமையும் வரை இருக்க வேண்டியிருந்தது. நேற்றுத்தான் திரும்பினேன். உன் கடிதம் கதவடியில் கிடந்தது.

சபை நிறைந்திருந்தது. ஹெராயிஸ் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்கே நேராக நடந்து போனாள்.

திரிபோன் பதறினான். "நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டுக்குப் போ."

"பெத்தது நான்" என்றாள். பிறகு அனானேலைப் பார்த்து, "ஐயா, புஸ்தகத்துல இருக்குற வார்த்த சரிதான். என் புள்ள உருவான புள்ள. அதுல ஒரு எழுத்தும் மாத்த வேணாம்" என்றாள்.

என் கை தானாக மடியில் இருந்த உன் ஏட்டுக்குப் போனது.

"ஆனா அந்தக் கழிய ரெண்டு பேரும் புடிச்சிருந்தாங்க. நான் இவருக்குப் பின்னால வந்து நின்னேன். இவரு வெட்டி இழுத்தாரு, அவன் கைய விட்டான். அந்த வேகத்துல கழி பின்னால வந்து என் மேல பட்டுச்சு. இதுதான் நடந்துச்சு. உயிருக்கு உயிர்னா ரெண்டு பேரையும் எடுங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் விடுங்க. ஒருத்தன மட்டும் எடுத்தா, அது என் புள்ளைக்காக இல்ல."

அன்று சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அனானேல் திரிபோனைக் கேட்டார்: "இவ சொல்றது நெசமா?"

அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நெசந்தான் ஐயா. நான்தான் இழுத்தேன். இந்தக் கைதான்." தன் கையைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தான். இரண்டு பேர் போய்ப் பிடித்தார்கள்.

"இத நீ ஏம்ப்பா சொல்லல?" என்று சப்பத்தாயைக் கேட்டார்.

"அவருக்குப் புள்ள போச்சு ஐயா. அதுக்கு மேல இத எப்படி அவர் தலையில போடுறது? நானும் கைய விட்டிருக்கக் கூடாது."

மூப்பர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அரசனின் அதிகாரிக்கு எழுதப்போவதில்லை. சப்பத்தாய் இனி இந்த நகரத்தில் இருக்கக் கூடாது. ஆற்றில் ஒன்பது நாள் மேலே நம்மவர்கள் காவற்படையில் குடியிருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே போய்விட வேண்டும். இதுதான் தீர்ப்பு.

ஹெராயிஸ் நகரவில்லை. "இன்னும் என்னம்மா?" என்றார் அனானேல்.

"செத்தவங்க பேரெல்லாம் எழுதி வைக்கிறீங்களே, அதுல எழுதுங்க."

"பேரு வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

எழுதினார். 'திரிபோனின் மகன், உருவானவன்.' எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார்.

உன் ஏட்டை நான் கொடுக்கவில்லை. இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். ஹெராயிஸும் நானும் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அனானேல் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். உன் மகளுக்காகவும் அவள் மகனுக்காகவும் என் மகனைக் கொடுத்திருக்க மாட்டேன். என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே.

பஸ்காப் பண்டிகை முடிந்ததும் நானும் அவனிடமே போய்விடுகிறேன். அங்கே காற்று வறண்டது, தண்ணீர் நல்லது. அங்கே ஜெபவீட்டில் சுருளே இல்லை. ஒன்று எழுதி அனுப்பச் சொல்லி அனானேலிடம் கேட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில்.

இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செலோமித்


எருசலேம்
ஆதார் மாதம், 11

அன்புள்ள அக்கா,

நீயும் சப்பத்தாயும் புது ஊரில் நீடித்து வாழுங்கள். எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

கடிதம் காலையில் வந்தது. நோவதியாவை எதிரில் உட்கார வைத்து முழுவதும் வாசித்தேன். அதற்கு முன்னால் நீ எழுதியதையும், பாதியில் நின்றுபோன இடத்திலிருந்து. வாசித்து முடித்து, "அந்தச் சொல்லை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். அன்னைக்கே கடற்கரையில கேட்டேனே" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவள் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். பிறகு இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"எனக்குக் காட்டல. நீங்க பார்த்தீங்க இல்ல? முகம் யாரு மாதிரி இருந்துச்சு?"

சொன்னேன். நெற்றியும் புருவமும் அப்படியே நீதான், அக்கா.

எலியாசிப்